ஆன் ஆர்பர் (மிச்சிகன்) எப்படிப்பட்ட ஊரு? அங்க யாருதான் இருக்காங்க?

எடிசன்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்காரம்மாவுக்கு மிச்சிகன் யூனிவர்சிட்டில ஒரு லேப்ல போஸ்ட்டாக் (பிஎச்டி முடிச்சவங்க பாக்குற ஆராய்ச்சி வேலை) கெடைச்சிருக்கு, ஆகஸ்ட் கடைசில சேரணும். எனக்கு வீட்லேர்ந்தே வேலை, அதனால நானும் பொண்ணும் கூடவே கெளம்புறோம், பொண்ணு இந்த வருஷம் ஒண்ணாவது போறா. இவ்வளவு காலம் நியூ ஜெர்சி எடிசன்லயே இருந்துட்டோம், ஓக் ட்ரீ ரோட்டுல எறங்குனா முருங்கைக்கீரைலேர்ந்து கொலு பொம்மை வரைக்கும் கெடைக்கிற எடம், இங்கிலீஷ் பேசாமலே ஒரு நாள் ஓட்டிடலாம்.

ஆன் ஆர்பர் பத்தி நெட்ல தேடுனா "வாழச் சிறந்த ஊர்"னு லிஸ்ட் லிஸ்ட்டா வருது. ஃபோட்டோல பாத்தா மரம், செங்கல் கட்டடம், மஞ்சளும் நீலமும் போட்ட காலேஜ் பசங்க, அவ்வளவுதான். நான் கேக்குறது என்னன்னா இது வெறும் ஸ்டூடண்ட் ஊரா, இல்ல குடும்பம் குட்டியோட சாதாரண ஜனங்க இருக்குற ஊரா? போஸ்ட்டாக் சம்பளம் கம்மிதான்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டாம். என் சம்பளத்தையும் சேர்த்தா தாங்குமா? அங்க இருந்தவங்க யாராவது உள்ளது உள்ளபடி சொல்லுங்களேன்.

மரநகரத்தான்:

வாங்க தம்பி. நான் இந்த ஊருக்கு வந்து ரொம்ப வருஷம் ஆச்சு, ஆட்டோ கம்பெனி வேலை, பசங்க ரெண்டு பேரும் இங்கயே படிச்சு முடிச்சு வெளியூர் போயாச்சு, நாங்க ரெண்டு பேரும் இன்னும் இங்கதான் இருக்கோம், அதுலேர்ந்தே என் கட்சி எதுன்னு புரிஞ்சிருக்கும்.

2020 சென்சஸ் படி ஊர் ஜனத்தொகை 1,23,851. யூனிவர்சிட்டில படிக்கிறவங்க மட்டும் 50,000-க்கு மேல. இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல வெச்சுப் பாத்தாலே உங்க கேள்விக்குப் பாதி பதில் கெடைச்சிடும். இந்த ஊருக்குன்னு தனியா காலண்டர் கெடையாது, யூனிவர்சிட்டி காலண்டர்தான் ஊர் காலண்டர். ஆகஸ்ட் கடைசில ஊர் பொங்கி வழியும், மே மாசம் பட்டமளிப்பு முடிஞ்ச மறுநாள் ஸ்டேட் ஸ்ட்ரீட்ல நடந்தா ஊரடங்கு போட்ட மாதிரி இருக்கும். எங்களை மாதிரி ஆளுங்க அந்த மே, ஜூனுக்காகத்தான் வருஷம் பூரா காத்துக்கிட்டிருக்கறது.

ஊர் உண்டான கதையே ஒரு ரியல் எஸ்டேட் கதைதான். 1824-ல ஜான் ஆலன், எலைஷா ரம்ஸினு ரெண்டு பேர் வந்து நெலத்தை வாங்கி பிளாட் போட்டாங்க. ரெண்டு பேர் பொண்டாட்டி பேரும் ஆன், அதுலேர்ந்து ஊர் பேரு வந்துச்சுன்னு சொல்லுவாங்க. மாநிலத் தலைநகரம் இங்க வரும்னு கணக்குப் போட்டு ஒரு கம்பெனி நெலம் வெச்சிருந்தது, தலைநகரம் வரலைன்னதும் அதுல 40 ஏக்கரை யூனிவர்சிட்டிக்கு இனாமா குடுக்கறோம்னாங்க. டெட்ராய்ட்ல 1817-ல ஆரம்பிச்ச யூனிவர்சிட்டி 1837-ல இங்க மாறி வந்தது இப்படித்தான். இன்னிக்கும் இந்த ஊர்ல பெரிய வியாபாரம் நெலந்தான், அதை அப்புறம் யாராவது வந்து கோவமா சொல்லுவாங்க பாருங்க.

ஜனங்க யாருன்னு கேட்டீங்க. எங்க தெருவையே சொல்றேன். எதிர் வீட்ல ஓய்வு பெற்ற வரலாற்று வாத்தியார், எண்பது வயசு தாண்டி இன்னும் சைக்கிள்ல போறார். அடுத்த வீடு கொரியக் குடும்பம், அவரு டொயோட்டா ஆராய்ச்சி சென்டர்ல, ஊருக்குத் தெக்கால இருக்கு அது. அதுக்கும் அடுத்தது மயக்க மருந்து டாக்டரம்மா, காலைல நாலரைக்கு கார் எடுக்குற சத்தம் கேக்கும். மூலை வீட்ல எழுபதுகள்லேர்ந்து இருக்கற ஒரு அம்மா, வாசல்ல எப்பவும் ஏதாவது ஒரு போராட்ட போர்டு நட்டு வெச்சிருக்கும், போன வருஷ போர்டைப் புடுங்காமலே இந்த வருஷ போர்டை நடும். யூனிவர்சிட்டியோட பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. ஊர்ல நூத்துல பதினஞ்சு பேருக்கு மேல ஆசியாக்காரங்க. கூகுள் ஆபீஸ் இருக்கு, 2006-லேர்ந்து. டுவோ செக்யூரிட்டினு இங்கயே 2010-ல ஆரம்பிச்ச கம்பெனிய 2018-ல சிஸ்கோ 235 கோடி டாலருக்கு வாங்குனான். டாமினோஸ் பீட்சா தலைமை ஆபீஸும் ஊர் எல்லைலதான், ஆனா அந்த பீட்சாவ இந்த ஊர்க்காரன் சாப்புட்டு நான் பாத்ததில்ல.

ஃபைசர் கதையும் சொல்லணும், ஏன்னா அதுல நம்ம ஆளுங்க நெறய பேர் அடிபட்டாங்க. பிளிமத் ரோட்டுல பெரிய மருந்து ஆராய்ச்சி வளாகம், முதல்ல பார்க்-டேவிஸ்னு இருந்து அப்புறம் ஃபைசர் ஆச்சு. நம்ம அப்பா அம்மால்லாம் கொலஸ்ட்ராலுக்கு ராத்திரி போடுறாங்களே அட்டோர்வாஸ்டாட்டின், அதை 1985-ல முதன்முதலா செஞ்சது இந்த ஊர்லதான். 2007 ஜனவரில ஒரே அறிவிப்பு, மூடுறோம்னு. 2,100 வேலை போச்சு. எங்க பசங்களோட கிளாஸ்ல பாதி கெமிஸ்ட் வீட்டுப் புள்ளைங்க, ஒரே வருஷத்துல கனெக்டிகட்டுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் வீட்டை அரை வெலைக்கு வித்துட்டுப் போனாங்க. மத்த ஊரா இருந்தா அதோட படுத்திருக்கும். இங்க 2009-ல யூனிவர்சிட்டி வந்து மொத்த வளாகத்தையும் வாங்கி லேப் ஆக்கிடுச்சு. உங்க வீட்டம்மா வேலை பாக்கப்போற லேப் அதுக்குள்ளயே இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

குடும்பத்துக்கு நல்ல ஊருதான் தம்பி, தைரியமா வாங்க.

யிப்சிலாண்டி_ஏகாம்பரி:

கோவமா சொல்ல ஆள் வந்தாச்சு மரநகரத்தான் அண்ணா :)

நான் இருக்கறது யிப்சிலாண்டில, ஆன் ஆர்பருக்குக் கிழக்கால ஒட்டிக்கிட்டு இருக்கற ஊரு, இவங்க அதை யிப்சினு செல்லமா கூப்பிடுவாங்க ஆனா குடி வர மாட்டாங்க. ஆஸ்பத்திரில லேப் டெக்னீஷியன் வேலை. என் கூட ஷிஃப்ட் பாக்குறவங்கள்ல, நர்ஸ், சமையல்காரங்க, துப்புரவு, பஸ் டிரைவர் யாரை எடுத்துக்கிட்டாலும், ஆன் ஆர்பர்ல வீடு வெச்சிருக்கறவங்கள விரல் விட்டு எண்ணிடலாம். காலைல வாஷ்டெனா அவென்யூவுல நாலாம் நம்பர் பஸ்ல ஏறிப் பாருங்க, அந்த ஊரை ஓட்டுறவங்க அத்தனை பேரும் அதுலதான் நின்னுக்கிட்டு வருவாங்க, சாயங்காலம் அதே பஸ்ல திரும்பிப் போயிடுவாங்க. மரநகரத்தான் அண்ணன் சொன்ன தெருவுல இவங்க யாரும் வரல பாத்தீங்களா.

காரணம் சும்மா இல்ல. யூனிவர்சிட்டி சொத்து வரி கட்ட வேண்டியதில்ல, சட்டப்படியே விலக்கு. ஊருக்கு நடுவுல இருக்கற அவ்வளவு நெலமும் வரிக்கு வெளியே. ஃபைசர் வளாகத்தை யூனிவர்சிட்டி வாங்குனது நல்ல விஷயம்னு அண்ணன் சொன்னாரு, சரி, ஆனா ஃபைசர்தான் அப்ப ஊருக்கே அதிக வரி கட்டுன கம்பெனி, கை மாறுன அன்னிக்கே அந்த வரி போச்சு. அந்தப் பளு வீட்டுக்காரங்க தலைல. இன்னொரு பக்கம் ஊரைச் சுத்தி கட்டடமே வராம காடு கழனியா வெச்சிருக்கணும்னு 2003-ல ஓட்டுப் போட்டு அதுக்குத் தனி வரியும் போட்டுக்கிட்டாங்க. நல்லாத்தான் இருக்கு, நானும் ஞாயித்துக்கெழமை அந்தப் பக்கம் நடக்கப் போறவதான். ஆனா வெளிய கட்டக் கூடாது, உள்ள உயரமா கட்டுனா தெரு அழகு கெட்டுப்போகும்னு மீட்டிங்ல சண்டை, அப்ப வர்ற ஜனம் எங்க இருக்கும்? கடைசில கேம்பஸ் பக்கத்துல மாடி மாடியா ஏறுறதெல்லாம் பணக்கார வீட்டுப் பசங்களுக்கான அபார்ட்மெண்ட்டுதான்.

அப்புறம் "முற்போக்கான ஊரு"னு ஒரு பெருமை. அதுல உண்மை இல்லாம இல்ல. 1974-லயே கேத்தி கொசசெங்கோனு ஒரு பொண்ணு, தன்பாலின ஈர்ப்புள்ளவள்னு வெளிப்படையா சொல்லிக்கிட்டே நின்னு நகரசபைல ஜெயிச்சுது, அமெரிக்காவுலயே அது முதல் தடவை. கஞ்சா வெச்சிருந்தா அஞ்சு டாலர் அபராதம்னு அந்தக் காலத்துலயே வெச்ச ஊரு. ஆனா இன்னிக்கு உழவர் சந்தை, டெலி, சீஸ் கடைனு பளபளன்னு இருக்குற கெர்ரிடவுன் பக்கம் முன்னாடி கறுப்பின மக்கள் குடியிருந்த எடம். அங்க இருந்த ஜோன்ஸ் பள்ளிக்கூடத்துல பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைங்கதான்னு ஆனதும் 1965-ல அதை மூடி பிள்ளைங்கள வேற வேற ஸ்கூலுக்கு பஸ்ல அனுப்புனாங்க. அதே கட்டடத்துல 1972-லேர்ந்து கம்யூனிட்டி ஹைஸ்கூல், அதுல எடம் கெடைக்க இப்ப குலுக்கல் போடுறாங்க. அந்தத் தெரு வீடெல்லாம் யாரு கைல இருக்குன்னு நான் சொல்லணுமா. இன்னிக்கு ஊர்ல கறுப்பின மக்கள் நூத்துக்கு ஏழு பேர் கூட இல்ல, பக்கத்துல யிப்சில வந்து பாருங்க.

தம்பி, நான் வராதீங்கன்னு சொல்லல. சம்பளம் ரெண்டு வருதுன்னா ஆன் ஆர்பர்லயே வாடகைக்கு இருக்கலாம். கையை கடிக்குதுன்னா யிப்சியும், ஆன் ஆர்பரை ஒட்டியே இருக்கற பிட்ஸ்ஃபீல்டும் ஒண்ணும் காட்டுப்பக்கம் இல்ல.

பனிக்குல்லா:

ரெண்டு பேரும் சொந்த வீட்டுச் சண்டைய ஆரம்பிச்சுட்டீங்க, அவரு கேட்டது குடி வர்றதுக்கு. நான் அங்க பிஎச்டி முடிச்சு இப்ப டெக்சஸ்ல வெந்துக்கிட்டிருக்கேன், அதனால ஆன் ஆர்பர் குளிரைப் பத்தி கூட எனக்கு நல்ல வார்த்தைதான் வரும்.

சார், முக்கியமா வாடகை விஷயம். கேம்பஸ் பக்கம் எல்லா லீஸும் ஆகஸ்ட் கடைசில ஒரே நேரத்துல முடிஞ்சு ஒரே நேரத்துல தொடங்கும், நடுவுல சில நாள் இடைவெளி விட்டுருப்பான், அந்த நாள்ல பாதி ஊர் சாமான் செட்டோட நண்பன் வீட்டு ஹால்ல படுத்திருக்கும். அப்ப தெருவுல வந்து விழுற சாமான் இருக்கே, மேசை, நாற்காலி, புக் ஷெல்ஃப், பிரிக்காத ரைஸ் குக்கர் பெட்டி கூட பாத்திருக்கேன், எங்க வீட்டு மேசையே ஹில் ஸ்ட்ரீட் ஓரத்துல எடுத்ததுதான், இன்னிக்கும் அதுல உக்காந்துதான் இதை டைப் பண்றேன். சோஃபா மட்டும் எடுக்காதீங்க, மூட்டைப்பூச்சி. முன்னாடியெல்லாம் பசங்க பழைய சோஃபாவ வாசத் திண்ணைல போட்டு வெச்சிருப்பாங்க, ஒரு தீ விபத்துல ஒரு பையன் செத்துப்போனதுக்கு அப்புறம் 2010-ல நகரசபை அதைத் தடை பண்ணிடுச்சு.

குடும்பத்தோட வர்றவங்க கேம்பஸ் நடுவுல எடுக்க வேண்டாம். ஹ்யூரான் ஆத்துக்கு அந்தப் பக்கம், வடக்கால, பிளிமத் ரோடு, கிரீன் ரோடு பக்கம் பாருங்க, நம்மாளு, சீனாக்காரங்க, கொரியாக்காரங்க குடும்பம் எல்லாம் அந்தப் பக்கந்தான். ஆஸ்பத்திரிக்கு பஸ் இருக்கு. யூனிவர்சிட்டியோட நீல பஸ் எல்லாருக்கும் இலவசம், டவுன் பஸ்ல உங்க வீட்டம்மா யூனிவர்சிட்டி கார்டைத் தேய்ச்சுட்டுப் போயிடலாம், காசு கெடையாது. அதனால ஒரு கார் போதும். ஆஸ்பத்திரில ஸ்டாஃப் பார்க்கிங் பர்மிட் வாங்கி அதுக்கும் மேல எடம் தேடி அலையறது தனிக் கொடுமை.

குளிர் எடிசனை விட கொஞ்சம் கூட, ஆனா குளிரை விட மோசம் வானந்தான். நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் சாம்பல் கலர்ல மூடியே கெடக்கும், சூரியன் வந்த அன்னிக்கு லேப்ல எல்லாரும் ஜன்னல்கிட்ட போய் நிப்போம். வைட்டமின் டி வாங்கி வெச்சுக்குங்க, விளையாட்டுக்குச் சொல்லல. வீட்டு முன்னாடி நடைபாதைல விழுற பனிய வீட்டுக்காரன்தான் தள்ளணும், இல்லன்னா அபராதம், வாடகை ஒப்பந்தத்துல அது யார் பொறுப்புன்னு எழுதியிருக்கான்னு படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க.

பொண்ணுக்கு: ஊர் லைப்ரரி. புக்கு மட்டும் இல்ல, டெலஸ்கோப், இசைக்கருவி, சுவத்துல மாட்டுற ஓவியம் எல்லாம் கடன் குடுப்பான். வெயில் காலத்துல சின்னப் புள்ளைங்களுக்கு ஊர் பூரா புதிர் தேடுற விளையாட்டு ஒண்ணு நடத்துவான், பெரியவங்களே அடிச்சுக்கிட்டு ஆடுவாங்க. அப்புறம் நிக்கல்ஸ் ஆர்போரீட்டம்னு யூனிவர்சிட்டியோட மரத்தோட்டம், எல்லாரும் ஆர்ப்னுதான் சொல்லுவாங்க, 123 ஏக்கர், ஆஸ்பத்திரிக்குப் பின்னாடியே ஹ்யூரான் ஆத்துக்கு எறங்குற சரிவு. ஜூன்ல அங்க பியோனி பூ பூக்கும், ஒவ்வொண்ணும் சின்ன முட்டைக்கோசு சைஸ்ல. பனி பெஞ்சா அதே சரிவுல புள்ளைங்க சறுக்கிக்கிட்டு வரும்.

கேம்பஸ் நடுவுல டயாக்னு ஒரு மைதானம், அங்க தரைல பித்தளைல எம் எழுத்து பதிச்சிருக்கும். முதல் பரீட்சைக்கு முன்னாடி அதை மிதிச்சா ஃபெயில்னு ஐதீகம். நோபல் பரிசு கனவோட வந்தவன் எல்லாம் அதைச் சுத்திப் போறதைப் பாத்தா நம்ம ஊர் பூனை குறுக்க போற கதை எவ்வளவோ தேவலை.

எடிசன்வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்வளவு வரும்னு நெனைக்கல. ஏகாம்பரி அக்கா சொன்னதைப் படிச்சுட்டு வீட்டம்மாவும் யிப்சி பக்கம் பாக்கலாமான்னு கேக்குறாங்க. இன்னும் ரெண்டு சந்தேகம். ஒண்ணு, அங்க தமிழ் சத்தம் காதுல விழுமா? பொண்ணு இப்பத்தான் தமிழ்ல எழுத்துக்கூட்ட ஆரம்பிச்சிருக்கா, விட்டுப்போயிடுமோன்னு இருக்கு. ரெண்டு, ரெண்டு வருஷம் கழிச்சு புடிச்சிருந்தா வீடு வாங்கறது புத்திசாலித்தனமா?

மரநகரத்தான்:

ஏகாம்பரி சொன்னதுல எதையும் நான் மறுக்கல, ஜோன்ஸ் ஸ்கூல் கதை எங்க தெருவுல பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனா வெளிய நெலத்தைக் காப்பாத்துனது தப்புன்னு மட்டும் ஒத்துக்க மாட்டேன்மா, டெட்ராய்ட்லேர்ந்து இங்க வரைக்கும் வர்ற வழியெல்லாம் கடையும் பார்க்கிங்கும்தான், இந்த ஊர் வந்ததும்தான் கண்ணுக்குப் பச்சை தெரியுது.

தம்பி, தமிழ் சத்தம் விழும், ஆனா எடிசன் மாதிரி எதிர்பாக்காதீங்க. பிளிமத் ரோட்டுல இந்தியக் கடை இருக்கு, தோசை மாவு, கறிவேப்பிலை கெடைக்கும், முருங்கைக்கீரைக்கு காண்டனோ நோவையோ போகணும், அரை மணி நேரம். கோயிலும் அந்தப் பக்கந்தான், நோவைல வெங்கடேஸ்வரர் கோயில், காண்டன்லயும் ஒரு கோயில் இருக்கு. மிச்சிகன் தமிழ்ச் சங்கம் பொங்கல், தீபாவளினு நடத்துது, அதெல்லாம் பெரும்பாலும் டெட்ராய்ட் புறநகர்ப் பக்கம் நடக்கும். சனி ஞாயிறு தமிழ்ப் பள்ளிகளும் உண்டு, நேர்ல வந்ததும் விசாரிச்சு எது கிட்டக்க இருக்குன்னு பாத்துக்கலாம். யூனிவர்சிட்டிலயே தமிழ் சொல்லிக் குடுக்கறாங்க. நம்ம மாமன் மச்சான் முறைய, திராவிட உறவுமுறைய வெச்சு ஆராய்ச்சி பண்ண தாமஸ் டிரவுட்மன் இங்கதான் பேராசிரியரா இருந்தாரு. உங்க பொண்ணு "அத்தை பையன்"னா என்னன்னு ஸ்கூல்ல வெளக்கக் கஷ்டப்பட்டா இந்த ஊர்ல அதுக்கும் நிபுணர் உண்டுன்னு சொல்லுங்க.

வீடு வாங்கறதுல ஒரு விஷயம் மட்டும் மனசுல வெச்சுக்குங்க, வெளி மாநிலத்துலேர்ந்து வர்றவங்க எல்லாரும் ஏமாறுற எடம் இது. மிச்சிகன்ல 1994 சட்டப்படி ஒருத்தர் வீட்ல இருக்கற வரைக்கும் வரி போடுற மதிப்பு வருஷா வருஷம் கொஞ்சந்தான் ஏறும், விலைவாசி அளவுக்கு, அதுவும் அஞ்சு சதவீதத்துக்கு மேல போகாது. வீடு கை மாறுனா மறு வருஷமே அப்போதைய சந்தை மதிப்பை வெச்சு புதுசா கணக்குப் போட்டுடுவான். அதனால வீடு விக்கிற விளம்பரத்துல போட்டிருக்கற வரி பழைய ஓனர் கட்டுனது, இருபது வருஷமா குடியிருந்தவருன்னா அதைப் போல ரெண்டு மடங்கு கூட உங்களுக்கு வரலாம். பக்கத்து வீட்டுக்காரரும் நீங்களும் ஒரே மாதிரி வீட்ல இருந்துக்கிட்டு அவரு கட்டுறதைப் போல டபுள் நீங்க கட்டுவீங்க. அதைக் கேட்டுத்தான் பட்ஜெட் போடணும். நான் உங்க எடத்துல இருந்தா முதல் ரெண்டு குளிர்காலம் வாடகைலயே ஓட்டிடுவேன்.

ஸ்கூல் எதுன்னு உங்க வாடகை வீட்டு விலாசத்தை வெச்சுத்தான் முடிவாகும், தெரு மாறுனா ஸ்கூல் மாறும், அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் சைட்ல விலாசத்தைப் போட்டுப் பாத்துடுங்க.

யிப்சிலாண்டி_ஏகாம்பரி:

யிப்சின்னா ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டே வேற, அதையும் சேர்த்துக் கணக்கு போடுங்க தம்பி. ஆனா எங்க ஊர்ப் பக்கமே சில தெரு ஆன் ஆர்பர் டிஸ்ட்ரிக்ட்ல வரும், பிட்ஸ்ஃபீல்டுல அப்படி நெறய, வாடகையும் கொறச்சல், தேடுனா கெடைக்கும்.

இன்னொண்ணு, சாமான் ஏத்துற லாரிக்குத் தேதி குறிக்கறதுக்கு முன்னாடி ஃபுட்பால் அட்டவணையைப் பாருங்க. மிச்சிகன் ஸ்டேடியம் 1,07,601 பேர் உக்கார்ற எடம், அமெரிக்காவுலயே பெருசு, 1975-லேர்ந்து சொந்த ஊர் ஆட்டம்னா லட்சம் பேருக்குக் கொறையாம வர்றாங்க, கொரோனா வருஷம் மட்டும் ஆளே இல்ல. அதாவது ஒரு சனிக்கெழமை மதியம் ஊர் ஜனத்தொகை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகுது. ஸ்டேடியம் பக்கம் மெயின் ஸ்ட்ரீட்டை அடைச்சிடுவான், ஸ்டேடியத்தைச் சுத்தி வீடு வெச்சிருக்கறவங்க புல்தரைல கார் நிறுத்த விட்டே நல்லா சம்பாதிச்சிடுவாங்க. முதல் ஆட்டம் பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசி இல்ல செப்டம்பர் முதல் சனிக்கெழமை வரும், நீங்க வர்ற நேரந்தான். வெள்ளிக்கெழமைக்குள்ள வீட்டுக்குள்ள போயிடுங்க. லாரிலேர்ந்து சாமான் எறக்க ஆள் வேணும்னா சொல்லுங்க, எங்க வீட்டுக்காரரும் தம்பியும் வருவாங்க.

பனிக்குல்லா:

அக்கா, நான் குடி வந்தப்ப நீங்க எங்க போயிருந்தீங்க?